மூன்று விரற்கடை

வெல்டிங்கில் விரிசல் தேடுவது என் பிழைப்பு.
டர்பைன் தகடு, பாலத்துப் போல்ட்,
ஒருமுறை ஒரு தேவாலய மணியின் நாக்கு.
எதை வைத்தாலும் சுழற்றிச் சுழற்றி
உள்ளே பார்த்துவிடும் என் எக்ஸ்ரே எந்திரம்.
கெண்ட் நகரம், கால்வாய்க்குப் பின்புறம்,
ஜன்னல் இல்லாத அறை.

ஜனவரியில் கபேடி ஒரு பெட்டியோடு வந்தாள்.
கின்ஷாசாக்காரி, வரலாற்றுத் துறை.
பெட்டிக்குள் ஒரு பேரேடு.
வெள்ளத்தில் ஊறி, காய்ந்து,
ஏடோடு ஏடு ஒட்டிச் செங்கல்லாகியிருந்தது.
"பிரித்தால் பொடியாகும். பிரிக்காமல் படிக்க முடியுமா?"
"என்ன மை?"
"இரும்பு மை. அந்தக் காலத்து அரசாங்க மை."
இரும்பென்றால் எனக்குப் பழக்கம்.

பகலில் காற்றாலைக் கம்பெனியின் வேலை.
இரவில் காங்கோ ரயில்பாதை,
நூற்றுப் பதினோராம் கிலோமீட்டர் முகாம்.
பன்னிரண்டாம் நாள் திரையில்
தாளில்லாமல் எழுத்து மட்டும் மிதந்தது,
தொட்டித் தண்ணீரில் எறும்புகள் மாதிரி.

எண். எண். எண்.
ஒவ்வோர் எண்ணுக்கும் எதிரே 'ஆர்' என்று ஓர் எழுத்து,
பக்கத்தில் இரண்டு, அல்லது மூன்று, சிலருக்கு ஐந்து.

ரிவெட் என்றேன் நான், வாளிக் கணக்கு.
ரேஷன் என்றாள் கபேடி, கோப்பைக் கணக்கு.
இரண்டு வாரம் இதற்கே சண்டை.
அவள் அரிசியை வைத்து ஓர் அத்தியாயமே எழுதிவிட்டாள்.

வெப்பமண்டல நோய்ப் பிரிவிலிருந்து டாக்டர் ஹாதெவிக்
நனைந்த கோட்டோடு வந்து, உட்காரக்கூட இல்லை.
"ராத்," என்றார். "பிரெஞ்சில் மண்ணீரல்.
மலேரியாவில் வீங்கும்.
இடது விலாவுக்குக் கீழே
எத்தனை விரற்கடை இறங்கியிருக்கிறது என்று
கைவைத்து அளப்பார்கள்."
கபேடி எங்கள் கண்ணெதிரே
அரிசி அத்தியாயத்தை அழித்தாள்.

அடுத்த பத்தி: 'வேலைக்குத் தகுதி.'
எல்லோருக்கும். ஐந்து விரற்கடைக்காரனுக்கும்.
கடைசிப் பத்தி, சிலருக்கு மட்டும்:
'விழுந்து இறப்பு.'
மார்ச் மாதத்தில் நாற்பத்தொன்று.

இங்கே எனக்கும் சொல்ல ஒன்றிருந்தது.
பாதையின் ஏற்ற இறக்க வரைபடத்தை விரித்தேன்.
சதுப்பு. மேசைபோல் தட்டைத் தரை.
அங்கிருந்ததில் உயரமானது தண்டவாளம்தான்,
ஒரு சாண்.
"ஒரு சாண் உயரத்திலிருந்து
நாற்பத்தொரு பேரா?"

ஹாதெவிக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
துடைத்ததையே மறுபடி துடைத்தார்.
"வீங்கிய மண்ணீரல் பழுத்த பப்பாளி மாதிரி.
அது உடைய ஆள் விழவே வேண்டாம்.
ஓர் உதை போதும்."

எந்திரத்தின் விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

கட்டுரையை அனுப்பினோம், திரும்பி வந்தது.
ஒரு நடுவர் படத்தின் துல்லியம் எவ்வளவு என்றார்.
ஒருவர், ஒப்பிட ஆரோக்கியமான முகாம் உண்டா என்றார்.
மூன்றாமவர், உதை என்று எந்த ஏட்டில் இருக்கிறது,
முதலில் இது எந்தத் துறை என்றார்.
முதல் கேள்விக்கு மட்டும் என்னிடம் விடை இருந்தது:
முப்பது மைக்ரான்.

நான் கட்டுரையில் எழுதாத ஒன்று.
எண்ணுக்கு முன்னே ஒரு பத்தி,
ஏடு முழுக்க வெறுமை.
அளவை அமைப்பை மாற்றிப் பார்த்தேன், மின்னழுத்தத்தைக் கூட்டினேன்.
ஒன்றுமில்லை.
ஒட்டாமல் பிழைத்த ஒற்றைத் தாளில்தான் தெரிந்தது:
அந்தப் பத்தியைப் பென்சிலில் நிரப்பியிருக்கிறார்கள்.
பெயர்கள்.
பென்சிலும் கரி, காகிதமும் கரி,
என் எந்திரத்துக்கு இரண்டும் ஒன்று.
விரற்கடைக்கு மை செலவழித்திருக்கிறார்கள்.

ஒற்றைத் தாளில் பதினான்கு பேர்.
கபேடி நின்றுகொண்டு படித்தாள்.
மகாயா. லுயெம்பா. ன்ஸூசி.
ஒன்பதாவதில் ஈரம் பட்டிருந்தது,
அங்கே கொஞ்ச நேரம் நின்று,
பத்தாவதற்குப் போனாள்.

கடைசி டிராமில் ஏறி
கோட்டுக்குள் கையை விட்டேன்.
இடது விலாவுக்குக் கீழே அழுத்தினேன்.
ஒன்றும் தட்டுப்படவில்லை.
சுகமாயிருப்பவர்களுக்குத் தட்டுப்படாது என்று
ஹாதெவிக் சொல்லியிருந்தார்.
எதிர் இருக்கைப் பையன் என்னையே பார்த்தான்.
கையை எடுக்கவில்லை,
என் நிறுத்தம் தாண்டியும்.